கலைகளில் உயர்வு தாழ்வு உண்டா?

நவராத்திரியின் நிறைவில் தென்னாட்டு இல்லங்களிலும் தொழிற்கூடங்களிலும் ஆயுத பூஜை நடைபெறுகிறது. வங்காளத்தில் செப்டம்பர் மாதத்தில் விசுவகர்மா பூஜை நடைபெறுகிறது. அந்த நாட்களில் நூலும் வீணையும் மட்டுமின்றி, தச்சரின் உளி, தையற்காரரின் கத்தரிக்கோல், கொல்லரின் சம்மட்டி ஆகியவையும் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. எல்லாவற்றிற்கும் ஒரே தீபம் காட்டப்படுகிறது. பொழுது விடிந்ததும் வீணை கூடத்திற்கும் உளி கொட்டகைக்கும் திரும்பிவிடுகின்றன. அவற்றைக் கையாளும் மனிதர்களும் அவ்வாறே பிரிகின்றனர். வீணையை எடுப்பவரைக் ‘கலைஞர்’ என்கிறோம். உளியை எடுப்பவரை ‘ஆள்’ என்கிறோம்.

பூஜையின்போது ஒன்றாகத் தெரிந்தவை மறுநாள் வேறாகிவிடுவது ஏன்? கலைகளை வகைப்படுத்துவதே தவறா? அல்லது வகைப்பாட்டைத் தரவரிசையாக மாற்றிக்கொள்வது தவறா? அறிஞர்கள் மட்டும் ஆராய வேண்டிய வினா என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. மனிதரை எப்படிப் பார்ப்பது, எப்படி நடத்துவது என்பது இதற்கான விடையைப் பொறுத்திருக்கிறது.

வகைகளின் தேவை

கலைகளைப் பல அடிப்படைகளில் பகுக்கலாம். எந்தப் பொருளில் பிறக்கிறது என்று நோக்கினால் சொல்லில் பிறப்பது இலக்கியம். ஒலியில் பிறப்பது இசை. உடலில் பிறப்பது நடனம். வண்ணத்தில் பிறப்பது ஓவியம். கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் பிறப்பது சிற்பம். எந்தப் புலனால் நுகரப்படுகிறது என்று நோக்கினால் கட்புலக் கலைகள், செவிப்புலக் கலைகள், இரண்டும் இணைந்த நாடகம், திரைப்படம் போன்றவை என்று பகுக்கலாம். ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766-ல் வெளியிட்ட நூலில், ஓவியமும் சிற்பமும் இடத்தில் விரிபவை என்றும் கவிதை காலத்தில் விரிவது என்றும் வேறுபடுத்தினார். தமிழ் மரபில் இயல், இசை, நாடகம் என்ற முப்பிரிவு உண்டு.

இத்தகைய பகுப்புகள் பயனுள்ளவை. கற்க விரும்புபவன் எதை, எந்த முறையில், யாரிடம் கற்பது என்பதை அறிய வேண்டும். மண்ணின் இயல்பு வேறு, மரத்தின் இயல்பு வேறு என்பதை அறியாதவன் இரண்டையும் கெடுத்துவிடுவான். சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரு மண்கட்டியைக் கொண்டு உண்மையை விளக்குகிறார். மண்ணை அறிந்தால் மண்ணால் ஆன அனைத்தையும் அறிந்ததாகும். வேறுபாடு பெயரளவில் உள்ளது என்பது அதன் கருத்து. ஆயினும் நடைமுறை வாழ்வில் குடம் குடந்தான், அகல் அகல்தான். அகலில் நீர் சேர்த்துவைக்க இயலாது. குடத்தில் திரியிட்டு விளக்கேற்ற இயலாது. வியாவகாரிக நிலையில் வேறுபாடு வேண்டும். அகலைவிடக் குடம் உயர்ந்த மண்ணால் ஆனது என்று எவராவது கூறினால், அங்குதான் அறியாமை தொடங்குகிறது.

நம் முன்னோரின் பட்டியல்கள்

‘அறுபத்து நான்கு கலைகள்’ என்ற தொடரை அறியாதவர் நம்மில் இல்லை. அந்த அறுபத்து நான்கும் எவை என்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. வாத்ஸ்யாயனர் தரும் பட்டியலில் பாட்டு, வாத்தியம், நடனம், ஓவியம் ஆகியவை முதலில் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து மாலை தொடுத்தல், தையல், தச்சு வேலை, வீடு கட்டுதல், மணிகளைச் சோதித்தல், மரங்களுக்கு மருத்துவம் செய்தல், கிளிக்கும் நாகணவாய்க்கும் பேசக் கற்பித்தல் ஆகியவையும் இடம்பெறுகின்றன. சமண நூல்கள் எழுபத்திரண்டு கலைகளைக் கூறுகின்றன.

சுக்கிரநீதி தரும் விளக்கம் இன்னும் சிந்திக்கத் தக்கது. வாக்கினால் நிறைவேறுவது வித்யை. பேச இயலாத ஊமையும் செய்யக்கூடியது கலை என்று அது இரண்டையும் வேறுபடுத்துகிறது. இந்த இலக்கணத்தின்படி கலையின் இருப்பிடம் கை. பால் கறத்தல், உழுதல், துணி வெளுத்தல், குழந்தையைப் பேணி வளர்த்தல் ஆகியவற்றையும் அந்நூல் கலைகளாக எண்ணுகிறது. ரசனைக்கு உரியது, பயனுக்கு உரியது என்ற கோடு இப்பட்டியல்களில் இல்லை.

கலைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை விஷ்ணுதர்மோத்தர புராணம் ஓர் உரையாடலால் உணர்த்துகிறது. வஜ்ரன் என்னும் அரசன் தெய்வத் திருமேனிகளை அமைக்கும் முறையைக் கற்பிக்குமாறு மார்க்கண்டேய முனிவரை வேண்டுகிறான். ஓவியம் அறியாதவனுக்குச் சிற்பம் விளங்காது என்கிறார் முனிவர். ஓவியத்தைக் கேட்டால் அதற்கு நடனம் தெரிய வேண்டும் என்கிறார். நடனத்திற்கு வாத்தியமும், வாத்தியத்திற்குப் பாட்டும் தெரிய வேண்டும் என்கிறார். கல்லில் தொடங்கிய கேள்வி பாட்டில் சென்று நிற்கிறது. உடலின் அசைவை அறியாத உளி, கல்லில் உயிரசைவைக் காட்ட முடியாது. தாளத்தை அறியாத உடல், அசைவில் ஒழுங்கைக் காட்ட முடியாது. கலைகளை ஒரு சங்கிலியின் வளையங்களாக முனிவர் கண்டார். சங்கிலியில் எந்த வளையத்தை மேலானது என்று கூறுவது?

பிரிவுக் கோடு வந்த வழி

‘நுண்கலை’, ‘கைவினை’ என்று இன்று நாம் இயல்பாகக் கூறும் பிரிவு மேலைநாட்டிலும் தொன்மையானதன்று. பண்டைய கிரேக்கர்கள் கலைகளுக்கு ஒன்பது தேவியரைக் கூறினர். அவர்களுள் வரலாற்றிற்கு ஒரு தேவி உண்டு, வானியலுக்கு ஒரு தேவி உண்டு. ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் எவரும் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் ஆகிய ஏழும் சுதந்திர மனிதனுக்கு உரிய கலைகள் எனப்பட்டன. நெசவு, வேளாண்மை, மருத்துவம் போன்றவை உடலுழைப்பைச் சார்ந்த கலைகள் என்று தனியே வைக்கப்பட்டன.

1746-ல் பிரெஞ்சு அறிஞர் பத்தே எழுதிய நூலில் நாம் இன்று அறிந்த பிரிவு தெளிவான உருவம் பெற்றது. இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகிய ஐந்தும் இன்பத்திற்கு உரிய அழகுக் கலைகள். தேவைக்காகச் செய்யப்படுபவை பயன்கலைகள். சொற்பொழிவும் கட்டிடக் கலையும் இரண்டிற்கும் இடைப்பட்டவை என்று அவர் பகுத்தார்.

ஆங்கில ஆட்சியில் இந்தப் பிரிவு நம் நாட்டிற்கு வந்தது. சென்னையில் 1850-லும், கல்கத்தாவில் 1854-லும், மும்பையில் 1857-லும் கலைப்பள்ளிகள் தோன்றின. ஐரோப்பியச் சிலைகளின் சுண்ணப் பிரதிகளைப் பார்த்து வரைவது அவற்றில் ஒரு பயிற்சியாக இருந்தது. உள்ளூர்க் கைத்தொழில்களை மேம்படுத்துவது மற்றொரு நோக்கமாக இருந்தது. விடுதலைக்குப் பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 1952-ல் அகில இந்தியக் கைவினைப்பொருள் வாரியம் அமைக்கப்பட்டது. 1954-ல் லலித கலா அகாதெமி தொடங்கப்பட்டது. ஓவியருக்கு அகாதெமி, குயவருக்கு வாரியம்! 2020-ல் அந்த வாரியம் கலைக்கப்பட்டது. கைவினைஞர்களுக்கான அரசுத் திட்டங்களை ஜவுளி அமைச்சகம் கவனிக்கிறது. அகாதெமி பண்பாட்டு அமைச்சகத்தைச் சார்ந்தது. நிர்வாகத்திற்கு இத்தகைய பிரிவுகள் தேவைப்படலாம். ஆனால் நிர்வாகத்தின் கோடு நாளடைவில் நம் மனத்தின் கோடாக ஆகிவிடுகிறது.

இந்தக் கோட்டை ஏற்க மறுத்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) முதன்மையானவர். ஈழத்துத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மைந்தர் அவர். கலைஞன் என்பவன் தனி இனத்தைச் சேர்ந்த மனிதன் அல்லன்; செம்மையாகச் செய்யப்படும் எந்தத் தொழிலும் கலையே என்பதைத் தம் எழுத்துகளில் அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். சுவாமி விவேகானந்தரும் தம் உரையாடல்களில் இதே திசையைக் காட்டியுள்ளார். குடியானவனின் நெற்களஞ்சியத்திலும் மண்சுவரிலும் உள்ள கலையழகை அவர் சுட்டிக்காட்டினார். கலையும் பயனும் இணைவதே நமக்குத் தேவை என்றும் அவ்வாறு இணைத்ததால் ஜப்பான் விரைந்து முன்னேறியது என்றும் கூறினார்.

கைக்குத் தூய்மை, மனிதனுக்கு விலக்கு

இதுவரை கூறியவற்றைப் படிக்கும் அன்பர், பிரித்தவர் மேலைநாட்டார், இணைத்தவர் நாம் என்று நிறைவடைந்துவிடக் கூடாது. உண்மை அவ்வளவு எளிதானதன்று. நம் நூல்கள் கலைகளைப் பிரிக்கவில்லை. நம் சமுதாயம் கலைகளைச் செய்தவர்களைப் பிரித்தது.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், தொழில் செய்பவனின் கை எப்போதும் தூய்மையானது என்று கூறுகிறது. அதே நூலின் நான்காம் அத்தியாயம், எவரெவர் தரும் உணவை ஏற்கலாகாது என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. பாடகன், தச்சன், நடிகன், தையற்காரன், கருமான், பொற்கொல்லன், மூங்கில் வேலை செய்பவன் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். கை செய்த பொருள் தூயது. அதே கை இட்ட உணவு விலக்கு! பொருளை ஏற்றுக்கொண்டு மனிதனை வாசலில் நிறுத்தும் வழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நடிகனும் பாடகனும்கூட அப்பட்டியலில் உள்ளனர் என்பதையும் கவனிக்க வேண்டும். எந்தக் கலை உயர்ந்தது என்பது காலத்திற்கேற்ப மாறியிருக்கிறது. எவரையேனும் தாழ்த்தி வைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தில் குருதேவரின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. காமார்புகூரில் கதாதரனுக்கு உபநயனம் நடைபெற்றபோது முதல் பிட்சையைத் தனியிடமிருந்து பெறுவேன் என்று சிறுவன் பிடிவாதமாக நின்றான். தனி கருமார் குலத்துப் பெண். கதாதரன் பிறந்தபோது உடனிருந்து உதவியவள். அவளுக்கு முன்னரே வாக்களித்திருந்தான் அவன். குடும்ப வழக்கத்திற்கு மாறானது என்று தமையனார் ராம்குமார் மறுத்தார். வாக்குத் தவறியவன் பூணூல் அணியத் தகுதியற்றவன் என்பது சிறுவனின் வாதம். முடிவில் கருமார் பெண்ணின் கையிலிருந்தே முதல் பிட்சை பெறப்பட்டது. கதாதரனிடம் தெய்விகத்தை முதலில் உணர்ந்து வழிபட்டவர்களுள் ஒருவரான சீனு, சங்கு வளையல் செய்பவர். தொழிலால் தாழ்த்தப்பட்டவர்களின் கையிலிருந்து அன்பும் வழிபாடும் அவதார புருஷரை முதலில் வந்தடைந்தன. குருதேவரும் களிமண்ணால் தெய்வ வடிவங்களைச் செய்தவர். கிராமத்து நாடகத்தில் சிவபெருமானாக வேடமேற்று, தம்மை மறந்து பரவசத்தில் ஆழ்ந்தவர். அவருக்கு மண்ணைப் பிசைவதும் பாடுவதும் நடிப்பதும் ஒரே வழிபாட்டின் பகுதிகளாக இருந்தன.

மிதிலையின் சுவர்கள்

வகைப்பாடு எவ்வாறு மனிதரின் மதிப்பை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது என்பதற்குப் பீகாரின் மிதிலை ஓவியம் சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள பெண்கள் மணமக்களின் அறைச் சுவர்களில் தாமரை, மூங்கில், மீன், பறவை, தெய்வ வடிவங்கள் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக வரைந்துவந்தனர். அதை அவர்கள் கலை என்றோ தம்மைக் கலைஞர் என்றோ கூறிக்கொள்ளவில்லை. திருமணச் சடங்கின் ஒரு பகுதியாகச் செய்தனர்.

1934-ல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இடிந்த வீடுகளைப் பார்வையிட்ட ஆங்கில அதிகாரி ஆர்ச்சர், வெளியார் காணாத உள்ளறைச் சுவர்களில் அந்த ஓவியங்களைக் கண்டு வியந்தார். 1949-ல் அவற்றைப் பற்றி எழுதினார். 1966–67 காலத்துக் கடும் வறட்சியின்போது, அப்பெண்களுக்கு வருமானம் கிடைக்கும் பொருட்டுக் காகிதம் வழங்கப்பட்டது. சுவரிலிருந்து காகிதத்திற்கு வந்ததும் அது கைவினைப் பொருளாயிற்று. பின்னர் அருங்காட்சியகங்களுக்குச் சென்றதும் கலையாயிற்று. ஜகதம்பா தேவி 1975-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சடங்கு, கைவினை, கலை என்று பெயர் மூன்று முறை மாறியது. வரைந்த கையும் மனமும் மாறவில்லை.

அம்மரபுக்குள்ளும் கோடுகள் இருந்தன. தொடக்கத்தில் வெளியுலகம் அறிந்தவை பெரும்பாலும் பிராமண, காயஸ்தக் குடும்பப் பெண்களின் ஓவியங்களே. பிற்காலத்தில் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்கள், பச்சை குத்தும் வடிவங்களிலிருந்து தமக்கென ஒரு பாணியை உருவாக்கினர். மீனவச் சமூகத்தில் பிறந்த துலாரி தேவி, புகழ்பெற்ற ஓவியரான மகாசுந்தரி தேவியின் இல்லத்தில் வீட்டு வேலை செய்தவர். அங்கு ஓவியத்தைக் கண்டு, விரும்பி, கற்றார். 2021-ல் அவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் துடைப்பம் பிடித்த நாட்களிலும் அந்த ஓவியத் திறன் அவருக்குள் உறங்கிக்கொண்டுதான் இருந்தது. எத்தனை இல்லங்களில் அத்தகைய திறன் விழிக்காமலே மறைந்திருக்கும்! கலைகளின் தரவரிசையால் நாம் இழப்பது இதுவே.

அப்படியானால் எல்லாம் சமமா?

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழலாம். பக்தியில் உருகிப் பாடும் பாட்டும், பொழுதுபோக்காக மாலை தொடுப்பதும் ஒன்றா? உயர்வு தாழ்வே இல்லையென்றால் பண்பாடு என்பதற்கு என்ன பொருள்?

உயர்வு தாழ்வு உண்டு. அதை அளக்கும் கோல் வேறு. வாத்ஸ்யாயனரின் பட்டியலில் ஆட்டுக்கடா, சேவல், காடை ஆகியவற்றை மோதவிடும் கலையும் இருக்கிறது. ஆகவே பட்டியலில் இடம்பெறுவது எதற்கும் நற்சான்று ஆகாது. ஒரு செயல் செய்பவனிடம் அகந்தையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? நுகர்பவனின் மனத்தைத் தெளிவிக்கிறதா, கலக்குகிறதா? அதனால் பிற உயிர்கள் துன்புறுகின்றனவா? இந்த மூன்று வினாக்களும் எல்லாக் கலைகளுக்கும் பொதுவானவை. புகழுக்காக ஏங்கிப் பாடும் சங்கீதம் இந்த அளவுகோலில் தாழலாம். ஆலயத்திற்கு ஒருமித்த மனத்துடன் தொடுக்கப்படும் மாலை உயரலாம். ஐதரேய பிராம்மணம் சிற்பங்களை, அதாவது கலைகளை, ஆன்மாவைப் பண்படுத்தும் சாதனமாகக் கூறுவது இக்கருத்தில்தான்.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் அறிவை மூன்றாகப் பகுக்கிறது. ஒரு சிறு பகுதியையே முழுமை என்று காரணமின்றிப் பற்றிக்கொள்வது தாமச அறிவு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தொடர்பற்றதாகக் காண்பது ராஜச அறிவு. பிரிந்திருப்பவற்றில் பிரிவற்ற ஒன்றைக் காண்பது சாத்விக அறிவு. இப்பகுப்பைக் கலைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ‘என் கலையே கலை, மற்றவை வேலை’ என்பவன் முதல் நிலையில் இருக்கிறான். வகைகளை நன்கு அறிந்து, ஒவ்வொன்றையும் தனி அறையில் பூட்டி வைப்பவன் இரண்டாம் நிலையில் இருக்கிறான். வகைகளை அறிந்தும், அவை அனைத்திலும் படைப்பாற்றலாக விளங்கும் ஒரே சக்தியை உணர்பவன் மூன்றாம் நிலையை அடைகிறான். சாத்விக அறிவு வேறுபாடுகளை அழிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிரிந்தவை பிரிந்தே இருக்கின்றன; பார்வைதான் மாறுகிறது.

பார்வை மாறினால் போதுமா?

எல்லாத் தொழிலும் கலை, எல்லாக் கலையும் யோகம் என்று கூறுவது எளிது. அதனைக் கூறிவிட்டு நெசவாளரிடம் விலையைக் குறைக்கப் பேரம் பேசுவதும் எளிது. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற உபதேசம் செய்பவனின் சித்தசுத்திக்காக அருளப்பட்டது. வாங்குபவன் தன் பணப்பையைக் காத்துக்கொள்வதற்காக அது அருளப்படவில்லை. பிறருடைய நிஷ்காம கர்மத்தை நாம் நிர்ணயிக்க முடியாது. நம்முடைய பேராசையை மட்டுமே நாம் விலக்க முடியும்.

பழைய இந்தியச் சிற்பிகள் அனைவரும் பெயரை மறைத்துக்கொண்டவர்கள் என்று சிலர் பெருமையாகக் கூறுவர். அது முழு உண்மையன்று. கர்நாடகத்தின் பேலூரில் 1117-ல் எழுந்த சென்னகேசவர் ஆலயத்தில் தாசோஜா போன்ற சிற்பிகள் தம் பெயரைக் கல்லில் பொறித்துள்ளனர். மல்லிதம்மா என்ற சிற்பியின் பெயர் ஹொய்சள ஆலயங்கள் பலவற்றில் காணப்படுகிறது. இறைவனுக்கு அர்ப்பணிப்பதும் தன் பெயரைக் கூறுவதும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை. பெயரைத் துறப்பது துறப்பவனின் உரிமை. பிறர் பெயரை மறந்துவிடுவதற்குத் துறவு என்று பெயரில்லை.

ஆகவே சாதகர்களாகிய நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டு வாசலில் கோலமிடுபவரையும், பூஜை அறையின் கதவைச் செதுக்கியவரையும், நாம் உடுத்தும் துணியை நெய்தவரையும் பெயர் சொல்லி அறிய முயல்வோம். உழைப்பிற்குரிய விலையை முகம் சுளிக்காமல் கொடுப்போம். நம் பிள்ளைகள் பாட்டும் நடனமும் கற்கட்டும். அவற்றுடன் மண்ணையும் மரத்தையும் நூலையும் தொட்டுச் செய்யும் ஒரு கலையையும் கற்கட்டும். கையால் ஒரு பொருளைச் செய்து பார்த்த பிள்ளை, பிறர் கையால் செய்த பொருளை அலட்சியமாகப் பார்க்காது.

கலைகளின் வகைகள் அறுபத்து நான்காக இருக்கட்டும், எழுபத்திரண்டாக இருக்கட்டும். அவற்றைக் கற்பதற்கு எண்ணிக்கை உதவும். அவற்றைச் செய்பவர்களை வரிசைப்படுத்துவதற்கு எந்த எண்ணும் உதவாது. ஏனெனில் அங்கு எண்ணப்படும் பொருள் ஒன்றே.